கண்ணாடிக்கடை அக்காவும் செவ்வாயின் புழுதியும்

கெடா மாநிலத்தின் சின்ன டவுனான பீடோங்கில் "தெரியல" என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருந்தார். பெரிய ரோட்டில் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருந்த அக்கா. அவருடைய பெயர் கடைப் பலகையிலேயே இருந்தது. ஆனாலும் ஊருக்கு அவர் கண்ணாடிக்கடை அக்காதான், எனக்கும் அப்படியே. இப்போது அந்த இடத்தில் கைப்பேசிக் கடை வந்துவிட்டது. அக்கா கிள்ளானில் தங்கையோடு இருக்கிறார். தீபாவளிக்குப் போன் செய்தால் முதலில் என் கண்ணை விசாரிப்பார், பிறகுதான் பெண்டாட்டி பிள்ளைகளை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இந்தத் தொழிலில் பொய் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிடும். "கண்ணாடியப் பார்த்தியா?" என்றால் "பார்த்தேன் சார்" என்பார்கள். "பின்னால என்ன வந்துச்சு?" என்றால் அப்போதுதான் அவசரமாகத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? லைசன்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை செய்ய அக்கா கடைக்கு முதன்முதலாகப் போனபோது, அட்டையின் கடைசி வரிசை எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரித்தான் இருந்தது. உத்தேசமாக ஐந்தாறு எழுத்துகளை அடித்துவிட்டேன். அக்கா குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, நான் பரீட்சை வைக்கல. இங்க பாஸ் பண்ணி ஒண்ணும் ஆகப்போறதில்ல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அப்பத்தான் நான் உங்களுக்கு ஏதாச்சும் செய்ய முடியும்."

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாடு போடும்போது போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னார். அதற்குப் பிறகு லைசன்ஸ் எடுக்க வருகிறவர்களையெல்லாம் அவரிடமே கூட்டிப்போனேன். அதில் சில பேரை நிறம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார், எனக்கு வரவேண்டிய வரும்படி போனது. சண்டை போடலாம் என்று போவேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

கடைக்குள் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் வரைந்த வட்டங்கள் நாலைந்து ஒட்டியிருந்தன. வட்டத்துக்குள் அங்கங்கே கறுப்புத் தீற்றல்கள். கண்ணின் உட்பக்கத்தைத்தான் வரைந்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டேன்.

"இது என்ன நோய், அக்கா?"

"நோயில்ல தம்பி. செவ்வாய்."

செவ்வாய் என்றால் எனக்கு ஜாதகத்தில் வருகிற செவ்வாய்தான் தெரியும். என் அத்தை மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போனதே அதனால்தான். அக்கா சிரித்துவிட்டு, தன்னிடம் ஒரு தொலைநோக்கி இருப்பதாகவும், பீடோங்கில் கடை விளக்குகள் கண்ணைக் கூசவைப்பதால் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியவில்லை என்றும் சொன்னார். நான் சிடாம் கிரியில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரே எஸ்டேட்டில் பழைய ரப்பர் மரங்களை வெட்டிப் புதுக்கன்று வைத்திருந்த நேரம் அது. வானம் முழுக்கத் திறந்து கிடந்தது. அதைச் சொன்னேன். அந்த வாரமே தன்னுடைய பழைய காஞ்சில் காரின் பின்சீட்டை மடக்கி அந்தக் குழாயை ஏற்றிக்கொண்டு வந்து என் வீட்டு முன்கூடத்தில் இறக்கிவிட்டார். "பீரங்கியெல்லாம் எதுக்குங்க வீட்டுல?" என்றாள் என் மனைவி. பிறகு அவளே அதற்குத் துணி தைத்துப் போர்த்திவிட்டாள்.

தொலைநோக்கியில் செவ்வாய் ஒரு கொண்டைக்கடலை அளவுக்குத் தெரியும், நல்ல சமயத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாக. ஆரஞ்சு நிறத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும். அதன் மேல் மங்கலாக ஒரு கறுப்பு முக்கோணம் உண்டு. தொலைநோக்கி எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டுவதால் அந்த முக்கோணம் கூர்முனை கீழே தொங்க, பள்ளிக்கூட மேப்பில் இருக்கிற இந்தியா மாதிரியே இருக்கும். நாங்கள் அதற்கு இந்தியா என்றே பெயர் வைத்துவிட்டோம். செவ்வாயும் நம் பூமி மாதிரி சுற்றுகிறது, ஆனால் கொஞ்சம் மெதுவாக. அதனால் தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால் இந்தியா சில வாரம் முன்னால் இருக்கும், சில வாரம் பின்பக்கம் போய்விடும். "இன்னிக்கி இந்தியா இருக்கா?" என்று நாங்கள் கேட்பதைக் கேட்டு, பக்கத்து வீட்டு மலாய்க்காரர் எங்களுக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா பார்த்ததை வரைவார். பார்க்காததை வரையமாட்டார். மேகம் மறைத்த பக்கம், நடுக்கத்தில் குழம்பிய பக்கம் எல்லாம் அவர் வட்டத்தில் வெள்ளையாகவே கிடக்கும். நானும் கூடவே வரைவேன், என் படத்தில் எல்லாம் நிறைந்திருக்கும். ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உங்க செவ்வாய் ரொம்ப அழகா இருக்கு தம்பி. எந்த ஊர்ல இருக்கு?" என்றார்.

இந்தக் குணம் வானத்தோடு நிற்கவில்லை. ஒரு சமயம் சிடாம் கிரியில் கோயிலுக்குப் பக்கத்து வேப்பமரப் பட்டையில் அம்மன் முகம் தெரிகிறது என்று கூட்டம் கூடிவிட்டது. மஞ்சள் துணி கட்டி, சூடம் ஏற்றி, சுங்கை பட்டாணியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். அக்காவும் வந்தார். கண் விவகாரத்தில் பெரிய ஆள் என்பதால் கூட்டம் வழிவிட்டு அவர் வாயையே பார்த்தது. அவர் தள்ளி நின்று பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"எனக்குத் தெரியல. தெரியிறவங்க நல்லாக் கும்பிடுங்க, நானும் கும்பிட்டுக்கிறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். கோயில் தலைவருக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அடுத்த மாதம் படிக்கிற கண்ணாடி மாற்ற அவர் அக்காவிடம்தான் போனார்.

எங்கள் செவ்வாய்க் கூட்டத்தில் மூன்றாவது ஆள் பாய். கண்ணாடிக்கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் நாசி கண்டார் கடை, அதாவது சோறும் விதவிதமான கறியும் விற்கிற கடை, வைத்திருந்தவர். அக்காவுக்கு நேர் எதிரான மனிதர். "இல்லை" என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. மீன்தலைக்கறி இருக்கா என்றால் "இருக்கு" என்பார். உள்ளே போவார். திரும்பி வந்து, "கோழி நல்லாருக்கும், வைக்கவா?" என்பார். வந்தவன் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான். தொலைநோக்கியிலும் அப்படியே.

"பாய், இந்தியா தெரியுதா?"

"இருக்குக்கா."

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குக்கா."

அக்காவுக்கும் பாய்க்கும் நோன்பு மாதத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. நோன்பு திறக்கிற நேரத்துக்கு விற்க பாய் கடையில் மத்தியானமே அண்டா அண்டாவாகக் கறி வைப்பார்கள். ஆனால் சமைக்கிற எல்லோரும் நோன்பு. உப்புப் பார்க்க ஆள் கிடையாது. அந்த மாதம் முழுக்க மத்தியானம் அக்கா போய் ஒவ்வொரு அண்டாவிலும் கரண்டியால் தொட்டுச் சுவைத்துச் சொல்வார். வேறு யாரைக் கேட்டாலும் "நல்லாருக்கு பாய்" என்றுதான் சொல்வார்களாம். அக்கா மட்டும்தான் "கோழிக்கு இன்னும் ஒரு கை போடுங்க, கணவாய்ல புளி தூக்கல்" என்பாராம். தான் "இல்லை" சொல்லத் தெரியாதவராக இருந்தாலும் அதைச் சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்று பாய்க்குத் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் செவ்வாய் பூமிக்கு நன்றாக நெருங்கி வந்துகொண்டிருந்தது. விடிவதற்கு முன்னால் தென்பக்க வானத்தில் சிவப்பாக நிற்கும். நோன்பு மாதமும் கூடவே வந்தது. பாய் நோன்பு தொடங்குமுன் சாப்பிடுகிற சஹர் சாப்பாட்டை முடித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். எங்களுக்கு ஒரு பொட்டலம் ரொட்டியும் கறியும் இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாங்கு கேட்டதும் என் வீட்டு முன்கூடத்திலேயே விரிப்பைப் போட்டுத் தொழுதுவிட்டுக் கிளம்புவார். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மூன்று நடுத்தர வயதுக்காரர்கள் வேலைக்குப் போகிறதுக்கு முன்னால் ஒரு குழாயைச் சுற்றி நின்றோம், வேறொன்றுமில்லை.

அந்தச் சமயத்தில் என் தங்கை பாலிங்கில் புதுவீடு குடிபோனாள். நானும் மனைவியும் போய்க் கொஞ்ச நாள் தங்கிவிட்டோம். அவர்கள் வந்து செவ்வாயைப் பார்க்க வாசல் கேட்டின் சாவியைப் பாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். ஒருநாள் காலையில் பாயிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அக்கா நாலஞ்சு நாளா கறி பார்க்க வர்றதில்ல. உப்புக் கரிக்குதுன்னு கஸ்டமருங்க ஏசுறாங்க. கடையும் தொறக்கறதில்ல. கண்ணு பார்க்க வந்தவங்கள சுங்கை பட்டாணிக்குப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. கேட்டா ஒண்ணுமில்லங்கறாங்க. நீங்க வந்து என்னான்னு கேளுங்கலா."

அன்றைக்கே என் கைப்பேசியில் இன்னொரு செய்தியும் வந்து குவிந்திருந்தது. எங்களைப் போலக் கொல்லைப்புறத்திலிருந்து செவ்வாயைப் பார்க்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரு குழு உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் படங்கள் போட்டிருந்தார்கள். செவ்வாயில் புழுதிப்புயல். அங்கே சில வருஷங்களில் ஒரு மூலையில் கிளம்புகிற புழுதி வளர்ந்து வளர்ந்து முழு கிரகத்தையும் போர்த்திவிடும். அடங்க மாதக்கணக்காகும். அதுவரைக்கும் கறுப்புத் தீற்றல் ஒன்றும் தெரியாது. பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் தினமும் அதையே பார்த்துக்கொண்டிருக்க முடியாததால், புயல் கிளம்புவதை எங்கள் ஆட்களில் யாராவது முதலில் கண்டு சொல்வதும் உண்டு. எங்களுக்கெல்லாம் அதுதான் பெரிய ஆசை. படங்களில் இந்தியா இருக்கவேண்டிய இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் மனைவியைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் பீடோங்குக்கு வண்டியை விட்டேன்.

கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். கண் பரிசோதிக்கிற நாற்காலியில், வந்தவர்கள் உட்காரும் இடத்தில், அக்கா உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, கடைய மூடிட்டீங்க?"

"இனிமே நான் அடுத்தவங்க கண்ணப் பார்க்கக்கூடாது தம்பி. என் கண்ணே போச்சு."

அந்தக் கடையைத் தவிர அவருக்கு வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்பா எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டிப் படிக்கவைத்தது, தனியாகவே இருந்துவிட்டது, எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

இந்தியா தெரியவேண்டிய காலையில் தெரியவில்லையாம். லென்ஸைத் துடைத்தார், மாற்றினார், திருப்பிப் பார்த்தார். சனியைப் பார்த்தார், வளையம் தெரிந்தது. "அது கொட்டை எழுத்து. கண்ணுல புரை வந்தா மங்கலானதுதான் மொதல்ல போகும். வலது கண்ணு மேல எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம்." பாயைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பாய் பார்த்துவிட்டு, "இருக்குக்கா, நல்லாருக்கு" என்றார். அடுத்தடுத்த நாளும் அப்படித்தான். பாய்க்கு இருந்தது, அக்காவுக்கு இல்லை.

"கடையில இத்தனை அட்டை இருக்கே, போட்டுப் பார்த்திருக்கலாமே?"

"எல்லா அட்டையும் எனக்கு மனப்பாடம் தம்பி. கண்ண மூடிக்கிட்டே வாசிப்பேன். அலோர் ஸ்டார் பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் அதே அட்டைதான். என்னைச் சோதிக்க ஒண்ணுமில்ல. செவ்வாய் ஒண்ணுதான் இருந்துச்சு."

நான் கைப்பேசியை எடுத்துப் படங்களைக் காட்டினேன். பெரிய நல்ல செய்தி கொண்டுவந்த மிதப்பு எனக்கு. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் கையை மெல்லத் தள்ளிவிட்டார்.

"இத நம்பினா எனக்கு வசதியா இருக்கும். அதான் பயமா இருக்கு. அங்க புழுதி இருக்கலாம், என் கண்ணுலயும் புரை இருக்கலாம். ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ணு இல்லாமப் போயிடாது."

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த மாதிரி ஆளோடு எப்படித்தான் காலம் தள்ளுவது? அந்த எரிச்சலிலேயே என் தொழில் ஞாபகத்துக்கு வந்தது. புதிதாக வருகிறவனை முதல்நாள் ரோட்டோரம் நிறுத்தி, எதிரே நிற்கிற வண்டியின் நம்பரை வாசிக்கச் சொல்லித்தான் நான் பாடத்தைத் தொடங்குவேன். ரோட்டில் போகிற நம்பர் யாருக்கும் மனப்பாடம் கிடையாது.

"வெளிய வாங்கக்கா" என்றேன்.

நோன்பு மாதத்துக் காலை என்பதால் பாய் கடையில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. பாய் ஒன்றை இறக்கி வாசலில் போட்டார். ஒரு கண்ணை மறைக்க அகலமான குழம்புக் கரண்டி ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். நான் ரோட்டோரம் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அக்கா வாசிக்கவேண்டியது, நான் சரிபார்க்கவேண்டியது.

முதலில் ஒரு புதுக்கார் வந்து நின்றது. "K" என்று தொடங்கிய அக்கா உடனே நிறுத்திவிட்டார். "கெடா வண்டி எல்லாம் K-லதான் ஆரம்பிக்கும். அதச் சேர்க்காதீங்க." மீதியைத் தப்பில்லாமல் வாசித்தார். எனக்கு உயிர் வந்தது. அவருக்குத் திருப்தியில்லை.

"இதெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. மண்ணு லாரி வரட்டும்."

செமிலிங் பக்கமிருந்து மண் லாரிகள் வரும். நம்பர்ப் பலகையில் சேறும் புழுதியும் படிந்து, கிட்டத்தில் நிற்கிற எனக்கே சிலது குனிந்து பார்த்தால்தான் தெரியும். அக்கா காத்திருந்து காத்திருந்து வாசித்தார். இடது கண்ணால் எல்லாம் வந்தது. வலது கண்ணில் சிலது வந்தது. வராதபோது "தெரியல" என்று கணீரென்று சொன்னார். சிவப்பு விளக்கில் நின்ற லாரிக்காரர்கள் கரண்டியால் கண்ணை மூடியிருக்கிற பெண்ணைப் பார்த்து ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் கரண்டியை மடியில் வைத்தார்.

"இடது நல்லா இருக்கு. வலதுல புரை ஆரம்பிச்சிருக்கு, ஆனா கொஞ்சந்தான். தொழிலுக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. இந்தியாவ மறைக்கிற அளவுக்கும் இல்ல." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "ஒரு கிரகம் பூரா மூடிக் கெடக்கு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு பாருங்க தம்பி."

முன்னமே எங்கள் குழுவில் எழுதிப்போட்டிருந்தால் உலகத்தில் முதலில் பார்த்தவர்களில் ஒருவராக இருந்திருப்பாரே என்று நான் அங்கலாய்த்தேன். யாரோ பார்த்துவிட்டார்கள், சொல்லிவிட்டார்கள், அது போதும் என்றார். அந்த வலது கண்ணுக்கு வெகுகாலம் கழித்துத்தான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதுவரைக்கும் தான் வரைந்த ஒவ்வொரு படத்தின் கீழும் "இடது கண்" என்று எழுதிவைத்தார்.

ஆனால் அந்தக் காலையில் சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த பாயைத் திரும்பிப் பார்த்தார்.

"பாய், அங்க ஒண்ணுமே இல்லயே. உங்களுக்கு மட்டும் இந்தியா எப்படித் தெரிஞ்சுச்சு?"

பாய் தோள் துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்ப நிக்குதே அந்த லாரியில என்ன எழுதியிருக்கு?" என்று அக்கா ரோட்டைக் காட்டிக் கேட்டார்.

"பச்சை லாரிக்கா."

"சரி. என்ன எழுதியிருக்கு?"

"நல்ல லாரிக்கா" என்றார் பாய்.

அக்கா எழுந்துபோய்த் தன் கடையின் இரும்புக் கதவை முழுக்க மேலே தள்ளினார். விளக்கைப் போட்டார். பாயை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாக மாற்றினார்.

"இது தெளிவா, இதா?"

"ரெண்டும் நல்லாருக்குக்கா."

"ரெண்டும் நல்லாருக்க முடியாது பாய்."

பாயின் நெற்றியில் வேர்வை. தோள் துண்டால் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் தெரியலக்கா. ரொம்ப வருஷமாவே" என்றார். "நீங்க அவ்வளவு ஆசையா கேப்பீங்க. எப்படி இல்லன்னு சொல்றது?"

அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். இந்த மனிதரின் "இருக்கு"வால்தான் அவர் கடையை மூடினார். ஆனால் அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "தினம் பக்கத்துல நின்னீங்க. நான் ஒருநாளும் உங்க கண்ணப் பார்க்கலயே" என்றார். அன்றைக்கு அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த பாசத்தை அவர்களிடம் நான் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிறகு வேலையைத் தொடர்ந்தார். இதுவா, இதா என்று கேட்டுக் கேட்டு, ஒரு லென்ஸைப் போட்டு மெதுவாகத் திருகிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அட்டையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். ஒருமுறை தடுமாறியபோது, "அது மட்டும் தெரியலக்கா" என்று அவராகவே சொன்னார்.

அக்கா விளக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பாய் அந்தக் கண்ணாடியோடு அவர் பக்கம் திரும்பினார். நெடுநேரம் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கு எப்ப இவ்வளவு நரைச்சுப்போச்சு?"

அக்கா தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்.

"பாய்க்கு நெசமாவே தெரியுது தம்பி."